தூரத்தைக் கூட்டியது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, 'சாப்பாட்டுக்கு முன்னால் இன்னும் எத்தனை பேர் பேசணுமோ' என்று கடிகாரத்தைப் பார்க்கும் ஜோகன்னஸ்பர்க் சொந்தங்களே, பொங்கல் வாழ்த்துகள்.

'ஏறிக்கொண்டே போகும் ரயில் கட்டணத்தைச் சமாளிக்கக் கைகொடுப்பது பயணியின் சாமர்த்தியமா, அரசின் உதவியா?' இதுதான் தலைப்பு. நான் அரசின் உதவி என்று பேச வந்தவன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட கதையை எதிரணி ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த வேலை மிச்சம்.

முன்னால் பேசிய தம்பி சாமர்த்தியங்களை வரிசையாக அடுக்கினார். ஜோகன்னஸ்பர்க்கையும் பிரிட்டோரியாவையும் விமான நிலையத்தையும் இணைக்கும் விரைவு ரயிலான காவ்ட்ரெயினில் நெரிசல் நேரம் தவிர்த்துப் போனால் கட்டணம் குறைவு. 35 நாள் பாஸ் எடுத்தால் தள்ளுபடி. விமான நிலையத்தில் ஏறாமல் அடுத்த நிலையமான ரோட்ஸ்ஃபீல்டில் ஏறினால் ஏகப்பட்ட மிச்சம். எல்லாம் உண்மைதான், நான் மறுக்கவில்லை.

அந்த ரோட்ஸ்ஃபீல்ட் வித்தையை நானே செய்து பார்த்தவன். மதுரையிலிருந்து மச்சான் வந்திருந்தான். நாலு பெட்டி, அதில் ஒன்று முழுக்க ஊறுகாயும் அப்பளமும். "இங்கே ஏறினால் தனிக் கட்டணம், வாடா" என்று ஒரு காரைப் பிடித்து அவனை ரோட்ஸ்ஃபீல்டுக்கு இழுத்துப் போனேன். இறக்கும்போது ஒரு பெட்டியின் ஜிப் விட்டது, மாவடு பாட்டில் நடைபாதையில் உடைந்தது. காருக்குக் கொடுத்ததைக் கழித்துப் பார்த்தால் மிச்சம் ரெண்டு காப்பிக்குக் காணும். "ஏன் மாப்ள, இதுக்கா இந்தப் பாடு?" என்றான். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மாவடு டிக்கெட்.

சரி, நானாவது காரைப் பிடிக்கக் காசு வைத்திருந்தேன். சாமர்த்தியத்துக்கும் கையில் முதல் வேண்டும் நடுவர் அவர்களே. பாஸ் வாங்க ஒரே நாளில் மொத்தப் பணத்தை எடுத்து வைக்க வேண்டும். வாரக்கூலிக்காரர் எங்கே போவார்? நெரிசல் தணிந்த பிறகு ரயில் ஏறலாம், சரி. ஏழு மணிக்கு வந்து வீட்டைக் கூட்டவேண்டிய அம்மாவிடம் முதலாளி "மெதுவாக வாம்மா, டிக்கெட் மலிவாக இருக்கும்" என்று சொல்வாரா? ஆக, மலிவு டிக்கெட் கிடைப்பது நேரமும் பணமும் கொஞ்சம் உபரியாக வைத்திருப்பவருக்கு. நம்மைப் போன்றவர்களுக்கு.

நான் முதலில் குடியிருந்தது ஜோகன்னஸ்பர்க்குக்கு வெளியே, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய லெனேசியாவில். வீட்டுக்கார ஆயா பிறந்தது ஃபீட்டாஸில், அதாவது பேஜ்வியூவில், நகரத்துக்குப் பக்கத்திலேயே. அவருடைய அப்பா ஓட்டலில் வெயிட்டர், நடந்தே வேலைக்குப் போய்வருவாராம். இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்று 1950இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம் அவர்களைக் கிளப்பி, முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் லெனேசியாவில் கொண்டுபோய் வைத்தது. அதன்பிறகு விடியுமுன் எழுந்து ரயில். மாதச் சீட்டு தொலைந்தால் அடுத்த சம்பளம்வரை திண்டாட்டம் என்று, அதைச் சட்டைப் பையோடு சேஃப்டி பின் போட்டுக் குத்திக்கொள்வாராம். சம்பளம் மட்டும் அதே சம்பளம்.

டர்பனில் மகஸின் பேரக்ஸ் என்ற குடியிருப்பில் இருந்த நகராட்சித் தொழிலாளர்களுக்கும் இதே கதை. அவர்களில் நம் தமிழர்கள் ஏராளம். அவர்களை நகரத்துக்கு வெளியே, இந்தியர்களுக்கென்று அமைத்த சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். தூரத்துக்கு ஏற்ற கட்டணம் நியாயம்தானே என்று தம்பி கேட்டார். தூரத்தைப் பயணி தேர்ந்தெடுத்த ஊரில் நியாயம். இங்கே ஒரு சட்டம் தூரத்தைக் கூட்டியது. அதற்குப் பேரன் பேத்தி இன்னும் டிக்கெட் வாங்குகிறார்கள்.

அரசுக்கு இது தெரியாததல்ல. மக்கள் கைக்கு வரும் வருமானத்தில் சுமார் 10 விழுக்காட்டுக்குள் போக்குவரத்துச் செலவு அடங்க வேண்டும் என்று 1996இன் போக்குவரத்துக் கொள்கையிலேயே எழுதிவைத்தார்கள். பணம் கொடுக்கவும் தெரியும். 2006இல் போட்ட காவ்ட்ரெயின் ஒப்பந்தப்படி, டிக்கெட் வருமானம் பேசிய அளவுக்கு வராதபோது குறையை மாகாண அரசு ரயிலை ஓட்டிய கம்பெனிக்குக் கட்டியது. அப்படியும் ஜூன் பிறந்தால் கட்டண உயர்வும் வந்தது. கம்பெனிக்கு நீட்டிய கை பயணிக்கும் நீளட்டுமே என்றுதான் கேட்கிறோம்.

நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மெட்ரோரெயில் இருக்கிறதே! சாதாரண மக்கள் தினமும் வேலைக்குப் போக அரசு மானியம் போட்ட ரயில் அது, மினிபஸ் டாக்ஸிக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு மலிவு. யாரும் வித்தை காட்ட வேண்டாம், ஜன்னலில் காசைக் கொடுத்தால் போதும். அப்புறம் அரசு கையை விட்டது. 2020 ஊரடங்கில் ரயில் நின்றதும் செப்புக் கம்பியிலிருந்து நிலையத்துக் கூரைவரை பிடுங்கிப் போனார்கள், காவலுக்கு ஆளில்லை. பல பாதைகளில் ஆண்டுக்கணக்கில் ரயில் ஓடவில்லை. அதில் போய்வந்தவர்கள் ஒற்றை விரலை உயர்த்தி டாக்ஸியை நிறுத்திக் கேட்ட காசைக் கொடுத்தார்கள்.

எனக்குப் பிறகு எதிரணியிலிருந்து பேச வரும் தங்கச்சிக்கு ஒரே ஒரு கேள்வி. ரயிலே வராத பாதையில் எந்த நேரத்து டிக்கெட் மலிவு?