ஸ்கட் கைமாறிய கதை

[திரையில்: வரைபடம். மாஸ்கோ – கெய்ரோ – பியோங்யாங் – தெஹ்ரான்]

ஸ்கட்-பி, சோவியத் ஏவுகணை. சுமார் 300 கி.மீ. பாயும். குறி அவ்வளவு துல்லியம் கிடையாது. ஆனாலும் உலகமெல்லாம் பரவியது இதுதான்.

சோவியத் எகிப்துக்குக் கொடுத்தது. எகிப்து அதில் சிலவற்றை வட கொரியாவுக்குத் தள்ளிவிட்டது. வட கொரியர்கள் அதை அக்கக்காகப் பிரித்துப் பார்த்து, அச்சு அசலாக ஹ்வாசாங்-5 செய்தார்கள். ஈராக்கோடு போரிட்டுக்கொண்டிருந்த ஈரான் அதை வாங்கி பாக்தாத் மேல் ஏவியது. அடுத்து வட கொரியா செய்தது நோடாங்; ஆயிரம் கி.மீ. தாண்டும். 1998-ல் பாகிஸ்தான் ஏவிய கௌரியும் ஈரானின் ஷஹாப்-3-உம் இதன் வாரிசுகள்தான்.

தடுக்க யாரும் இல்லையா? 1987-ல் ஏழு நாடுகள் சேர்ந்து ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பைத் தொடங்கின. 500 கிலோ சுமையை 300 கி.மீ. தூக்கிப் போகும் எதையும் விற்கக் கூடாது என்பது விதி. அந்த 500 கிலோ, ஆரம்பகட்ட அணுகுண்டு ஒன்றின் எடையை மனதில் வைத்துப் போட்ட கணக்கு.

பலன் இருந்தது. ஐரோப்பியச் சரக்கை நம்பிய அர்ஜென்டினாவின் காண்டோர் ஏவுகணைத் திட்டம் படுத்தேவிட்டது. சில நேரம் கெடுபிடி எல்லை மீறியது. கிரையோஜெனிக் எஞ்சின், அதாவது கடுங்குளிரில் வைக்க வேண்டிய திரவ எரிபொருளில் ஓடும் ராக்கெட் எஞ்சின், வாங்கப் போன இஸ்ரோ மீது 1992-ல் அமெரிக்கா தடை போட்டது. அது ஏவுகணைக்குச் சரிப்படாது; ஆவியாகிக்கொண்டே இருக்கும் திரவ ஹைட்ரஜனை நிரப்பி வைத்துக்கொண்டு யார் போருக்குக் காத்திருப்பார்கள்? பின்னர் 2016-ல் அதே அமைப்பில் இந்தியாவே உறுப்பினர் ஆனது.

ஆனால் இது சட்டம் அல்ல, சேர்ந்தவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. வட கொரியா சேரவே இல்லை.

[திரையில்: அரபிக்கடல், 2002 டிசம்பர்]

வட கொரியாவிலிருந்து வந்த, கொடி இல்லாத சரக்குக் கப்பல், சோ சான். அமெரிக்கா கேட்டுக்கொண்டபடி ஸ்பெயின் போர்க்கப்பல் மறிக்கிறது. நிற்கவில்லை. எச்சரிக்கைச் சூடு. ஹெலிகாப்டரிலிருந்து வீரர்கள் இறங்குகிறார்கள். கப்பலின் ஆவணத்தில் இருப்பது சிமென்ட். மூட்டைகளை நகர்த்தினால் அடியில் 15 ஸ்கட்! ஏமன் காசு கொடுத்து வாங்கிய சரக்கு. ஓரிரு நாளில் அமெரிக்காவே கப்பலை விட்டுவிட்டது. பறிமுதல் செய்ய அன்றைக்குச் சட்டத்தில் இடமில்லை.

வட கொரியாவின் ஏவுகணை வியாபாரத்துக்கு ஐ.நா. பாதுகாப்பு சபை 2006-ல்தான் தடை போட்டது. 2015-ல் ஏமன் ராணுவத்தின் ஸ்கட் கிடங்குகள் ஏமனின் கிளர்ச்சிப் படையான ஹூதிகளின் பக்கம் போய்விட்டன. அந்த ஜூனில் சவுதியின் காமிஸ் முஷைத் நகரை நோக்கி ஒரு ஸ்கட் பாய்ந்தது.