‘போல’ இருந்தால் உவமையா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “உவமையைக் கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் ‘போல’ என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டுவிடுகிறார்கள். சொந்தமாக எழுதச் சொன்னாலோ ‘நிலா போல முகம்’ என்பதைத் தாண்டுவதில்லை. என்ன செய்யலாம்?”

மிக நல்ல கேள்வி. உவமைக்கு நான்கு உறுப்புகள் உண்டு: சொல்ல வந்த பொருள், அதற்கு ஒப்பாகக் காட்டும் உவமை, இரண்டுக்கும் உரிய பொதுத்தன்மை, இவற்றை இணைக்கும் ‘போல’ முதலிய உவம உருபு. இவற்றுள் கண்ணுக்கு எளிதில் படுவது உருபு என்பதால், அதையே அடையாளமாகச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். ‘மழை வரும் போல இருக்கிறது’ என்பதிலும் ‘போல’ வருகிறது. ஆனால் அது ஊகம், உவமை அன்று. ‘அண்ணனைப் போல நானும் சீக்கிரம் எழுந்தேன்’ என்பதும் அணி ஆகாது. உருபை மட்டும் தேடப் பழகிய பிள்ளை இவ்விரண்டுக்கும் கோடு போடத்தான் செய்யும்.

ஆகவே பொதுத்தன்மையிலிருந்து தொடங்குங்கள். உவமை என்ற பெயரைக்கூட முதல் நாளில் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் சிறிது பஞ்சை வைத்து, கண்ணை மூடித் தொட்டுப் பார்க்கவும், பிறகு ஊதிப் பார்க்கவும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கவும் சொல்லுங்கள். மெத்தென்று இருக்கிறது, பறக்கிறது, உறிஞ்சிக்கொள்கிறது என்று அவர்களே சொல்வார்கள். “வேறு எது இப்படிப் பறக்கும்? வேறு எது இப்படி உறிஞ்சும்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். என் வகுப்பில் ஒரு சிறுமி நெடுநேரம் யோசித்துவிட்டு, “எங்கள் வீட்டுப் பாப்பா நாங்கள் பேசுவதையெல்லாம் உறிஞ்சிக்கொள்கிறது” என்றாள். அவள் ‘போல’ என்று சொல்லவே இல்லை. ஆனால் உவமைக்கு வேண்டிய பார்வை அவளிடம் வந்துவிட்டது. அதன் பிறகு உருபைச் சேர்க்கக் கற்றுக்கொடுப்பது சில நிமிட வேலைதான்.

எதில் ஒத்திருக்கிறது என்று கேட்பதற்குத் தொல்காப்பியமே வழி காட்டுகிறது. வினை, பயன், மெய், உரு என உவமை தோன்றும் இடங்களை அது நான்காக வகுக்கிறது. பிள்ளைகளிடம் இந்தச் சொற்கள் வேண்டாம். செய்வதில் ஒத்திருக்கிறதா, பயனிலா, வடிவத்திலா, நிறத்திலா என்று கேட்டால் போதும். நிலா போன்ற முகம் என்று எழுதிய பிள்ளையிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், வட்டமா வெளிச்சமா என்று அது முதன்முறையாக யோசிக்கும்.

‘போல’ இல்லாமல் ஒன்றை இன்னொன்றாகவே சொல்லும் உருவகத்துக்கு அவசரப்படாதீர்கள். 1976-இல் உளவியலாளர் எல்லன் வின்னரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், சிறைக் காவலர் ஒருவர் கடும்பாறையாகிவிட்டார் என்ற கருத்துடைய வாக்கியத்தைக் கேட்ட சிறு குழந்தைகள் சிலர், அவர் மாயத்தால் உண்மையாகவே பாறையானதாகப் பொருள் கொண்டார்கள். வடிவத்தாலும் அசைவாலும் அமையும் ஒப்புமை இந்த வயதில் எளிதாகப் பிடிபடும்; ‘கல் நெஞ்சம்’ போல மனப்பண்பைச் சொல்வது பின்னரே பிடிபடும். எனவே, ‘மேகம் பஞ்சு போல இருக்கிறது’ என்று எழுதிய பிள்ளையிடம், ‘வானமெங்கும் மேகப் பஞ்சு’ என்று எழுதிக் காட்டி, எந்தச் சொல் காணாமல் போயிற்று என்று கேளுங்கள்.

மரபுத்தொடர்களை இதனோடு கலக்க வேண்டாம். ‘கம்பி நீட்டினான்’ என்பதன் பொருளை ஊகிக்கச் சொல்வது பயனற்றது. கதைக்குள் வரும்போது சொல்லிவிடுங்கள்.

திருத்தும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். ‘அம்மா கடிகாரம் போல’ என்று எழுதியிருந்தால் தவறு என்று அடித்துவிடாதீர்கள். அருகில் அழைத்து, “எதில்?” என்று மட்டும் கேளுங்கள். “நிற்கவே மாட்டார்” என்று அந்தப் பிள்ளை சொல்லக்கூடும். அதையும் சேர்த்து எழுதச் சொல்லி, முழு மதிப்பெண் கொடுங்கள்.