“கேள்வி கேட்காதே, விசுவாசி” என்று வேதம் சொல்கிறதா?

[திரையில்: மத்தியதரைக் கடலோரம், செசரியாவின் இடிபாடுகள்]

செசரியாவில் ஒரு விசாரணை நடக்கிறது. கட்டுகளோடு பவுல் நிற்கிறார். எதிரே ரோம தேசாதிபதி பெஸ்து, அகிரிப்பா ராஜா, பெர்னீக்கேயாள், சேனாபதிகள், பட்டணத்துப் பெரிய மனிதர்கள். கிறிஸ்து பாடுபட்டார், மரித்தோரிலிருந்து முதலாவதாக எழுந்தார் என்று பவுல் சொல்லிக்கொண்டே போகும்போது பெஸ்துவுக்குப் பொறுக்கவில்லை. “பவுலே, நீ பிதற்றுகிறாய்” என்று உரத்த குரலில் குறுக்கிடுகிறார். அதிகமாகப் படித்துப் படித்தே உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்கிறார்.

பவுல் என்ன பதில் சொன்னார்? “இதெல்லாம் விசுவாசக் கண்ணுக்குத்தான் தெரியும்” என்று சொல்லி ஒதுங்கியிருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை. தான் பேசுவது சத்தியமும் சொஸ்தபுத்தியும் உள்ள வார்த்தைகள் என்கிறார். உடனே ராஜாவின் பக்கம் திரும்புகிறார். ராஜாவுக்கு இந்தச் சங்கதிகள் தெரியும், ஏனென்றால் “இது ஒரு மூலையிலே நடந்த காரியமல்ல.”

அப்போஸ்தலர் 26-ம் அதிகாரம். வீட்டில் வேதாகமத்தைத் திறந்து முழுவதையும் ஒருமுறை வாசியுங்கள். அதன் பிறகு, நம் சபைகளில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை கேள்வி கேட்டால் என்ன பதில் கிடைக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். “அதையெல்லாம் கேட்கக் கூடாது.” “உனக்கு விசுவாசம் குறைந்துவிட்டது, ஜெபம் பண்ணு.” பல இடங்களில் அன்போடுதான் இப்படிச் சொல்கிறார்கள். ஆனால் பெஸ்துவுக்குப் பவுல் கொடுத்த மரியாதைகூட நம் சொந்தப் பிள்ளைக்கு அங்கே கிடைக்கவில்லை. எனக்கு இது பெரிய வேதனை.

[திரையில்: விசுவாசப் பிரமாணத்தின் வரிகள். “பொந்தியு பிலாத்து” என்ற பெயர் மட்டும் வெளிச்சமாக]

விசுவாசப் பிரமாணத்தை நாம் எத்தனை முறை சொல்லியிருப்போம்! பிதாவைப் பற்றியும் குமாரனைப் பற்றியும் பரிசுத்த ஆவியைப் பற்றியும் அறிக்கையிடுகிற அந்தச் சில வரிகளுக்குள்ளே ஒரு ரோம அதிகாரியின் பெயர் வருகிறது. பொந்தியு பிலாத்து. ஆண்டவரைக் கொலைக்கு ஒப்புக்கொடுத்தவனுடைய பெயருக்கு அங்கே என்ன வேலை? அந்தப் பெயர் அந்த அறிக்கைக்கு ஒரு காலத்தையும் ஒரு நாட்டையும் கொடுக்கிறது. தீபேரியு ராயன் ரோமப் பேரரசை ஆண்ட காலத்தில், யூதேயாவில், இன்னாருடைய அதிகாரத்தின் கீழே நடந்தது என்று சபை அறிக்கையிடுகிறது.

நம் விசுவாசத்தின் அடித்தளம் அங்கேதான் இருக்கிறது. நல்ல போதனைகள், ஆறுதலான வார்த்தைகள், ஒழுக்கமான வாழ்க்கை எல்லாம் உண்டு. ஆனால் இவை எல்லாமே நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவத்தின் மேல் நிற்கின்றன. நடந்ததாகச் சொல்லும் எதையும், நடந்ததா என்று விசாரிக்க யாருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை மறுக்கிற கிறிஸ்தவன், சம்பவம் என்று அப்போஸ்தலர்கள் சாட்சி சொன்னதை வெறும் உணர்ச்சியாகக் குறைத்துவிடுகிறான்.

பிலாத்துவின் பெயர் சுவிசேஷங்களில் மட்டும் இல்லை. கிறிஸ்தவர்களைக் கொஞ்சமும் பிடிக்காத ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், 2-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதுகிறார்: ‘கிறிஸ்தவர்கள்’ என்ற பெயருக்குக் காரணமான கிறிஸ்து என்பவர் தீபேரியுவின் காலத்தில் பிலாத்துவால் தண்டிக்கப்பட்டார் என்று. 1961-ல், பவுல் நின்ற அதே செசரியாவில், பழைய அரங்கத்தின் படிக்கட்டுக்கு மறுபடியும் பயன்படுத்தியிருந்த ஒரு கல்லில் பிலாத்துவின் பெயரும் பதவியும் பொறித்திருப்பதைக் கண்டெடுத்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கல் உயிர்த்தெழுதலை நிரூபிக்கவில்லை. பிலாத்து இருந்தான், யூதேயாவை ஆண்டான் என்பதைத்தான் அது காட்டுகிறது. ஒரு சான்று எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவுதான் அதை வைத்து நாமும் சொல்ல வேண்டும்.

[திரையில்: 1 கொரிந்தியர் 15:3–8]

உயிர்த்தெழுதலைப் பற்றிய சாட்சியை இங்கே பாருங்கள். இந்த நிருபம் ஏறக்குறைய கி.பி. 55-ல் எழுதப்பட்டது. சிலுவைக்கும் இதற்கும் இடையே இருபது, இருபத்தைந்து ஆண்டுகள்தான். அதிலும் பவுல், இது தான் பெற்றுக்கொண்டு ஒப்புவித்தது என்கிறார். ஆகவே இந்தச் செய்தி அந்த நிருபத்தைவிடப் பழையது. கேபாவுக்கு, அதாவது பேதுருவுக்குத் தரிசனமானார், பன்னிருவருக்கும் தரிசனமானார், ஐந்நூறு பேருக்கும் அதிகமான சகோதரருக்கு ஒரே வேளையில் தரிசனமானார். அதற்கு அடுத்த வார்த்தைகளைக் கவனியுங்கள். அவர்களில் அநேகர் இந்நாள்வரைக்கும் இருக்கிறார்கள்.

ஏன் அதை எழுத வேண்டும்? ‘போய்க் கேளுங்கள், ஆட்கள் இருக்கிறார்கள்’ என்பதற்காக. சில வசனங்கள் தள்ளி இன்னும் துணிச்சலாக ஒன்று சொல்கிறார்: “கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா.” தன்னை மறுக்க நினைக்கிறவர் எந்த இடத்தைத் தாக்க வேண்டும் என்று பவுலே காட்டிக் கொடுக்கிறார். கேள்விக்குப் பயப்படுகிறவர் இப்படி எழுத மாட்டார்.

“தோமாவை ஆண்டவர் கண்டித்தாரே?” என்று சிலர் கேட்பார்கள். காணாதிருந்தும் விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள் என்றாரே? உண்மைதான், யோவான் 20:29. ஆனால் அதற்கு முன் நடந்ததையும் அதற்குப் பின் வருவதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். தோமா கேட்டது காயங்களை. ஆண்டவர் வந்து காயங்களைக் காட்டினார். பின்னால் 31-ம் வசனத்தில் யோவான், நீங்கள் விசுவாசிக்கும்படியாக இவைகள் எழுதப்பட்டிருக்கின்றன என்கிறார். காணாத நமக்காக, கண்டவர்களின் சாட்சியை எழுத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சாட்சி நம்பத்தக்கதா என்று ஆராய்வது தோமாவின் பாவம் ஆகாது.

சிறையிலிருந்த யோவான்ஸ்நானகனையும் நினைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் நீர்தானா, வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று ஆள் அனுப்பிக் கேட்டார். இயேசுவைத் தேவ ஆட்டுக்குட்டி என்று சுட்டிக்காட்டிய அதே மனிதர்! இயேசு அவரைத் திட்டவில்லை. குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், நீங்கள் கண்டதையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்பினார். சந்தேகத்தோடு வந்தவருக்கு அவர் காரணங்களைக் கொடுத்தார்.

[திரையில்: பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா. வரைபடம்]

இந்த விஷயத்தில் எல்லாரும் மேற்கோள் காட்டுகிற வசனம் 1 பேதுரு 3:15. உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள். இது பண்டிதர்களுக்கு எழுதிய வார்த்தை இல்லை. அதே நிருபம் வேலைக்காரரோடும், விசுவாசியாத கணவர்களுடைய மனைவிகளோடும் பேசுகிறது. பாடு அனுபவித்துக்கொண்டிருந்த சாதாரண மனிதர்கள் அவர்கள். சில பத்தாண்டுகள் கழித்து, இந்த நிருபம் யாருக்கு எழுதப்பட்டதோ அவர்கள் வாழ்ந்த அதே பொந்து, பித்தினியா பகுதிக்கு ஆளுநராக வந்த பிளினி, கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதுகிறார். பொழுது விடியும் முன்னே கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்கிறார். விசாரித்தபோது பின்வாங்காதவர்களைக் கொல்லச் சொன்னதாகவும் எழுதுகிறார். பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்ற வசனத்தின் கனம் அங்கே தெரியும்.

அந்தக் காலத்தில் கிறிஸ்தவர்கள் மேல் வந்த குற்றச்சாட்டுகள் விசித்திரமானவை. நரமாமிசம் தின்கிறார்கள், நாத்திகர்கள், பேரரசுக்கு விரோதிகள். யஸ்டின் என்ற தத்துவ ஆசிரியர், ஏறக்குறைய 155-ல், பேரரசர் அந்தோனினஸ் பயஸுக்கே ஒரு மறுப்பு எழுதினார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூடி என்ன செய்கிறோம் தெரியுமா என்று ஆராதனையை ஒளிவுமறைவில்லாமல் விவரித்தார். வாசிக்கிறோம், ஜெபிக்கிறோம், அப்பமும் ரசமும் பகிர்கிறோம், ஏழைகளுக்கும் விதவைகளுக்கும் காணிக்கை சேர்க்கிறோம் என்றார். ஏறக்குறைய 165-ல் ரோமில் அவருடைய தலையை வெட்டினார்கள். எழுதியது பிழைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஆதி சபையின் அறிஞர் ஓரிகன். செல்சஸ் என்பவர் 2-ம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தைக் கடுமையாகத் தாக்கி ஒரு நூல் எழுதியிருந்தார். அடுத்த நூற்றாண்டின் நடுவில் ஓரிகன் அதற்கு எட்டுப் புத்தகங்களாகப் பதில் எழுதினார். எதிராளி சொன்னதைச் சுருக்கிக் கேலி செய்துவிட்டுப் போகவில்லை. அவருடைய வார்த்தைகளையே பகுதி பகுதியாக எடுத்து வைத்துப் பதில் சொன்னார். செல்சஸின் மூல நூல் பிறகு தொலைந்துபோனது. இன்று அவர் என்ன சொன்னார் என்று நமக்குத் தெரிவதற்குக் காரணமே ஓரிகனின் பதில்தான். மறுக்க வந்தவர் எதிராளியின் குரலைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்! விசுவாசத்துக்காக வாதாடுகிற ஒவ்வொருவரும் இந்த நேர்மையைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

[திரையில்: செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு இளைஞர்]

இன்றைக்கு வருவோம். கேள்விகள் இப்போது கையிலிருக்கிற போனுக்குள்ளே வருகின்றன. ஒரு நிமிட வீடியோ, அதில் நான்கு குற்றச்சாட்டுகள். “325-ல் நிசேயா சங்கத்தில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன்தான் எந்தப் புத்தகம் வேதத்தில் இருக்கலாம் என்று முடிவு செய்தார்” என்பது அதில் ஒன்று. இது தவறு. நிசேயாவில் கூடியவர்கள், குமாரன் பிதாவால் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுவின் போதகத்தைப் பற்றியும் ஈஸ்டர் கொண்டாடும் நாளைப் பற்றியும் சபை ஒழுங்குகளைப் பற்றியும் பேசினார்கள். அவர்கள் இயற்றிய 20 விதிகளில் வேத நூல்களின் பட்டியல் கிடையாது. சுவிசேஷங்கள் நான்குதான் என்று பேராயர் ஐரேனியஸ் ஏறக்குறைய 180-லேயே எழுதிவிட்டார். நாம் இன்று வைத்திருக்கிற 27 புதிய ஏற்பாட்டு நூல்களையும் அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியுஸ் 367-ல் தன் பண்டிகை நிருபத்தில் பட்டியலிட்டார். இதைத் தெரிந்துகொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.

இன்னொரு கேள்வி இவ்வளவு சுலபமானதில்லை. “உங்கள் வேதம் மாற்றப்பட்டிருக்கிறது.” புதிய ஏற்பாட்டுக்கு 5,000-க்கும் மேற்பட்ட கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன. பெரும்பகுதி பிற்காலத்தவை, சில சிறு துண்டுகள். பிரதிக்குப் பிரதி வேறுபாடுகள் உண்டு. மிகப் பெரும்பாலானவை எழுத்துப்பிழை, சொற்களின் வரிசை போன்றவை. ஆனால் மாற்கு 16-ம் அதிகாரத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள், 4-ம் நூற்றாண்டின் முக்கியமான இரண்டு பிரதிகளான சீனாய், வத்திக்கான் பிரதிகளில் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைப் பற்றிய பகுதியும் யோவானின் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. பல புதிய மொழிபெயர்ப்புகளின் அடிக்குறிப்பிலேயே இது இருக்கிறது, யாரும் ஒளித்து வைக்கவில்லை. இத்தனை பிரதிகளை ஒப்பிட்டுப் பார்க்க முடிவதால்தான் எந்த இடத்தில் வேறுபாடு என்று நமக்கே தெரிகிறது. உயிர்த்தெழுதல் அந்தப் பன்னிரண்டு வசனங்களை நம்பி நிற்கவும் இல்லை.

என் கவலை இதுதான். இதை ஒரு வாலிபன் தன் போதகரிடமிருந்து முதலில் கேட்டால், அது ஒரு வேதபாடம். விசுவாசத்தைக் கேலி செய்கிறவரிடமிருந்து முதலில் கேட்டால், “இத்தனை நாள் என்னிடம் மறைத்துவிட்டார்கள்” என்று நினைப்பான். தகவல் ஒன்றேதான். அவன் இழப்பது சபையின் மேலிருந்த நம்பிக்கையை.

அதே போனில் நாம் அனுப்புகிற செய்திகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். யோசுவாவின் காலத்தில் சூரியன் நின்ற அந்த ‘காணாமல்போன நாளை’ நாசா கம்ப்யூட்டரில் கண்டுபிடித்துவிட்டது என்ற செய்தி பல பத்தாண்டுகளாகச் சுற்றுகிறது. அது கட்டுக்கதை. தயவுசெய்து அனுப்பாதீர்கள். யோபு தன் சிநேகிதரிடம் கேட்டதைக் கேளுங்கள்: “நீங்கள் தேவனுக்காக நியாயக்கேடாய்ப் பேசி, அவருக்காக வஞ்சகமாய் வசனிக்கவேண்டுமோ?” சத்தியமானவருக்கு நம் பொய்யின் உதவி தேவையில்லை.

யோபுவின் சிநேகிதரிடம் இன்னொன்றும் கற்க வேண்டியிருக்கிறது. ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகவே செய்தார்கள். பிறகு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். புத்தகத்தின் முடிவில் தேவன் அந்த விளக்கங்களின் மேல் கோபப்பட்டார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் “ஏன்?” என்று கதறும்போது அவள் விவாதத்துக்குக் கூப்பிடவில்லை. லாசருவை எழுப்பப் போவது தெரிந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார். தீமையைப் பற்றியும் துன்பத்தைப் பற்றியும் ஆழமாகச் சிந்தித்த கிறிஸ்தவர்கள் உண்டு, அவர்களை வாசிக்கத்தான் வேண்டும். துக்கம் வருவதற்கு முன்னாலேயே வாசித்துவிடுங்கள்.

காரணங்கள் மட்டுமே ஒருவரை விசுவாசத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. அத்தேனே பட்டணத்தில் பவுல் அவர்களுடைய கவிஞர்களையே மேற்கோள் காட்டிப் பேசினார். சிலர் கேலி செய்தார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்றார்கள், தியொனீசியு, தாமரி போன்ற சிலர் விசுவாசித்தார்கள். இருதயத்தைத் திறப்பது ஆவியானவர். தடையாய்க் கிடக்கிற கல்லைப் புரட்டுவது நம்மிடம் விடப்பட்ட வேலை.

[திரையில்: லூக்கா 1:1–4]

எங்கே ஆரம்பிப்பது? லூக்கா சுவிசேஷத்தின் முதல் நான்கு வசனங்களிலிருந்து. கண்ணாரக் கண்டவர்கள் ஒப்புவித்ததை ஆதிமுதல் திட்டமாய் விசாரித்து எழுதுகிறேன், தேயோப்பிலுவே, உமக்கு உபதேசிக்கப்பட்டவைகளின் நிச்சயத்தை நீர் அறியும்படிக்கு என்று லூக்கா தொடங்குகிறார். அங்கிருந்து 1 கொரிந்தியர் 15, அப்போஸ்தலர் 17, 26. இவற்றை வாலிபர் கூட்டத்தில் மாதம் ஒருமுறை வாசித்து, எந்தக் கேள்வியையும் கேட்கலாம் என்று ஒரு மணி நேரம் திறந்து விடுங்கள். போதகருக்குப் பதில் தெரியவில்லையா? “தெரியவில்லை, படித்துவிட்டு அடுத்த வாரம் சொல்கிறேன்” என்று சொல்லட்டும். அடுத்த வாரம் மறக்காமல் சொல்லட்டும்.

போதகர் மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. வேதாகமங்களில் வல்லவனும் சாதுரியவானுமாகிய அப்பொல்லோவைத் தங்களிடம் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்கியவர்கள் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும். கூடாரம் பண்ணுகிற தொழில் செய்த கணவனும் மனைவியும். இன்று இரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போது உங்கள் மகனிடமோ மகளிடமோ கேளுங்கள்: “ஆண்டவரைப் பற்றி உனக்குள்ளே இருக்கிற, இதுவரை யாரிடமும் கேட்காத கேள்வி என்ன?” பதில் வர நேரமானாலும் காத்திருங்கள்.