பேட்டரியை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக இன்று பேச வந்திருக்கிறேன். நம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், மெரிபேங்க், பீனிக்ஸ் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு டொயோட்டா டாஸ், ஒரு சிட்டி கோல்ஃப், ஒரு நிசான் 1400 பாக்கி (சின்னப் பிக்கப் வண்டி) கண்ணில் படும். டாஸ் வருவது 2006-ல் நின்றது, பாக்கி 2008-ல், சிட்டி கோல்ஃப் 2009-ல். இவற்றில் கடைசியாக வந்த வண்டிக்கே பதினைந்து வயது தாண்டிவிட்டது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் பல வருஷம் ஓடும் வண்டிகள் இவை.

புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறோம். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. "பேட்டரி போயிடுச்சு" என்று எல்லாரும் சொல்வார்கள். புதிது வாங்கி மாட்டினால் வண்டியும் கிளம்பிவிடும். ஆனால் சில வாரம் கழித்து மறுபடி அதே 'டக்'.

நடுவில் அது ஏன் ஓடியது? பேட்டரியை மாற்றும்போது கேபிள் முனையிலிருக்கும் கிளாம்பைக் கழற்றித் திருகி மாட்டினோம் அல்லவா, அதிலேயே டெர்மினலில், அதாவது பேட்டரியின் ஈயக் கட்டையில், படிந்திருந்த அழுக்கு கொஞ்சம் உரசிப் போயிருக்கும். புது பேட்டரியின் பலமும் சேர்ந்து, எர்த்தில் இருந்த பழைய குறையை மூடிவிட்டது. பென்ஷன் பணத்தில் பேட்டரி வாங்கிவிட்டு, மறுபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிற பெரியவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து புறப்படும் மின்சாரம் மைனஸுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். திரும்பும் வழிதான் எர்த். எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மேல். ரப்பரில் மின்சாரம் போகாது. அதனால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ பாடியோடும் பேட்டரி மைனஸோடும் சேர்க்க ஒரு தடித்த கேபிளோ, பின்னிய செம்புப் பட்டையோ போட்டிருப்பார்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது சின்ன எஞ்சினிலேயே நூறு, நூற்றைம்பது ஆம்பியர் ஓடும். அத்தனையும் அந்தப் பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

பட்டை கெட்டுவிட்டால் மின்சாரம் வேறு வழி தேடும். ஆக்ஸிலரேட்டர் கேபிள், சோக் கேபிள், கிளட்ச் கேபிள் என்று எஞ்சினையும் பாடியையும் தொடுகிற எந்தக் கம்பியிலும் ஏறிவிடும். ஸ்டார்ட் பண்ணிப் பார்த்த பிறகு அப்படி ஒரு கேபிள் சூடாக இருந்தால், வேறு எதையும் யோசிக்க வேண்டாம், முதலில் எஞ்சின் எர்த்தைப் பாருங்கள். ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் நகர்வது, இண்டிகேட்டர் போட்டால் மற்ற விளக்குகளும் சேர்ந்து மங்கி மங்கி எரிவது, இவையும் எர்த் சரியில்லை என்பதற்கு அடையாளம்.

நம் ஊரில் கடல் காற்று வேறு. பிளஃப், மெரிபேங்க், இசிப்பிங்கோ பக்கம் உப்பு ஈரம் கேபிளின் நுனி வழியாக உள்ளே ஏறி, கருப்பு உறைக்குள்ளேயே செம்பு பச்சையாகிப் பொடிந்துவிடும். வெளியே பார்த்தால் கேபிள் நன்றாகவே இருக்கும். விரலால் அழுத்திப் பாருங்கள். ஓரிடத்தில் வீங்கி, வளைக்கும்போது நறநறவென்று இருந்தால் அதை மாற்றிவிடுங்கள். பேனல் பீட்டரிடம், அதாவது பாடியைத் தட்டிச் சரிசெய்து பெயிண்ட் அடிப்பவரிடம், போய் வந்த வண்டியில் எர்த் வயரின் வளையத்துக்கு அடியில் பெயிண்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள், பெயிண்ட் மின்சாரத்தைத் தடுத்துவிடும்.

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு பேட்டரியை அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. முழுக்க ஏற்றிவிட்டு அப்புறம்தான் மற்ற சோதனை.

இங்கே ஒரு விஷயம். பலர் மீட்டரைத் தடை அளக்கும் ஓம் பக்கம் திருப்பி, கேபிளின் இரண்டு முனையையும் தொட்டு, "பூஜ்யம் காட்டுது, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். தடை ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே, 150 ஆம்பியர் ஓடும்போது ஒன்றரை வோல்ட் அங்கேயே போய்விடும். ஸ்டார்ட்டரைச் சோர வைக்க அது போதும். அவ்வளவு சின்னத் தடையைச் சாதாரண மீட்டர் காட்டாது. அதனால் மின்சாரம் ஓடும்போதுதான் அளக்க வேண்டும்.

கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள். இக்னிஷன் காயிலுக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றிவிட்டால் எஞ்சின் பிடிக்காது, சுற்ற மட்டும் செய்யும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயக் கட்டை மேலேயே வையுங்கள், கிளாம்பின் மேல் வேண்டாம். மறுமுனையை எஞ்சினில் பெயிண்ட் இல்லாத சுத்தமான இரும்பில் வைத்து, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் குற்றவாளி அங்கேதான் இருக்கிறான். அப்புறம் கட்டைக்கும் கிளாம்புக்கும் நடுவில், கிளாம்புக்கும் பாடிக்கும் நடுவில், பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் என்று துண்டு துண்டாக அளந்துகொண்டே போனால் எந்த இணைப்பு என்று தெரிந்துவிடும்.

மீட்டர் இல்லையா? ஜம்பர் கேபிளில் ஒன்றை எடுத்து பேட்டரி மைனஸிலிருந்து நேராக எஞ்சினில் மாட்டுங்கள். சோம்பிக்கிடந்த ஸ்டார்ட்டர் உடனே துள்ளிச் சுற்றினால் பேட்டரி மேல் பழி இல்லை.

சுத்தம் செய்யும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். பிளஸ்ஸை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். சார்ஜாகும் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வெடிக்கக்கூடியது. பேக்கிங் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, கட்டையையும் கிளாம்பின் உட்புறத்தையும் பளபளப்பாகும் வரை தேயுங்கள். பளிச்சென்று இல்லாமல் சாம்பலாக இருந்தாலும் அது ஆக்சைடு படலம்தான். இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள்.

வண்டி ஓடும்போது பேட்டரியில் 13.8-லிருந்து 14.4 வோல்ட் வரை இருந்தால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. இவ்வளவும் சரியாக இருந்தும் ராத்திரியில் சார்ஜ் இறங்கினால், பிற்பாடு வைத்த அலாரம், திருட்டைத் தடுக்கும் இம்மொபைலைசர், ஆம்ப்ளிஃபையர் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, மைனஸ் கட்டைக்கும் கழற்றிய மைனஸ் கேபிளுக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியர் பக்கம் வைத்து அளந்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் எண் சட்டென்று இறங்குகிறதோ, அந்த ஃபியூஸின் வயர் போகும் வழியைப் பிடித்துக்கொண்டு போங்கள்.