முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. கொழும்பு கொட்டாஞ்சேனையில் 30 வருடமாக மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கிறேன். காலையில் கதவைத் திறக்கும்போதே யாராவது ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வியர்த்துப்போய் நிற்பார். “அண்ணே, ராத்திரி நல்லா ஓடினது, இப்ப ஸ்டார்ட் எடுக்குதில்ல, 50 தரம் கிக் அடிச்சிட்டேன்” என்பார். அந்த 50 கிக்கைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஐந்தாறு கிக்கில் எடுக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஹேண்டிலில் இருக்கிற சிவப்பு சுவிட்ச் ஓஃப் ஆகியிருக்கிறதா, பெற்றோல் டப் திறந்திருக்கிறதா, ரிசேர்வுக்குத் திருப்ப வேண்டுமா என்று பாருங்கள். பிள்ளைகள் பைக்கில் ஏறி விளையாடுகிற வீடென்றால் அந்தச் சிவப்பு சுவிட்சை இரண்டு தரம் பாருங்கள். எல்லாம் சரியென்றால் பிளக்கை, அதாவது பெற்றோலைப் பற்றவைக்கப் பொறி போடுகிற ஸ்பார்க் பிளக்கை, எஞ்சினிலிருந்து கழற்றுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சூட்டோடு கழற்றினால் கையும் சுடும், அலுமினியத்தில் இருக்கிற புரியும் கெட்டுவிடும்.

நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நனைந்து பெற்றோல் மணந்தால், பெற்றோல் வருகிறது, பற்றவில்லை. காய்ந்திருந்தால் பெற்றோலே வந்து சேரவில்லை. வானொலியில் வரைந்து காட்ட வழியில்லை, அதனால் இன்னொரு தரம் சொல்கிறேன்: ஈரமென்றால் பொறிப் பக்கம் தேடுங்கள், காய்ந்ததென்றால் பெற்றோல் பக்கம் தேடுங்கள்.

2022இல், பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட் காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீட்டர் வாங்கிக்கொண்டிருந்த நாட்களில், சாப்பாடு டெலிவரி ஓடுகிற தம்பி ஒருவர் வந்தார். வெள்ளவத்தையில் புறப்பட்டால் கொள்ளுப்பிட்டி வரை பைக் நன்றாக ஓடும், அங்கே இழுத்து இழுத்து நிற்கும், கொஞ்ச நேரம் விட்டால் திரும்ப எடுக்கும். வேறொரு இடத்தில் பிளக்கை மாற்றி, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற கொயிலை மாற்றி, கடைசியில் பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடுகிற காபரேற்றரையே மாற்றியிருந்தார்கள். கையிலிருந்த காசெல்லாம் அதற்கே போய்விட்டது. நான் அவரை ஓட்டச் சொல்லிப் பின்னால் ஏறிக்கொண்டேன். வழக்கமான இடத்தில் நின்றது. எஞ்சின் ஆறும்வரை தேத்தண்ணி குடித்துவிட்டுப் பிளக்கைக் கழற்றினால், காய்ந்து கிடந்தது. காபரேற்றருக்குப் போகிற குழாயை இழுத்து ஒரு போத்தலில் விட்டேன், பெற்றோல் நூல்போல வந்து, சொட்டாகி, நின்றுவிட்டது. டாங்கி மூடியைத் திறந்தேன். ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்ட சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது, அந்த நிமிடமே குழாயில் பெற்றோல் கடகடவென்று கொட்டியது.

மூடிக்கு அடியில் பொலித்தீன் தாள் ஒன்றை இழுத்து, றப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தார். அந்த 4 லீட்டரில் ஒரு துளி மழைத்தண்ணீரும் சேரக்கூடாதென்ற பயம். டின்பாலில் இரண்டு ஓட்டை போடுகிறோம் அல்லவா, ஒன்று போட்டால் பால் இறங்காது. டாங்கியும் அப்படித்தான், பெற்றோல் இறங்க இறங்க மூடியில் இருக்கிற சின்ன ஓட்டையால் காற்று உள்ளே போக வேண்டும். பொலித்தீனை எடுத்தோம், முடிந்தது. முதல் நாளே யாராவது காய்ந்த பிளக்கைப் பார்த்திருந்தால் கொயிலுக்குக் காசு போயிருக்காது, இன்றைக்கும் எனக்கு அது மனத்தாங்கல்தான்.

சரி, ஈரமான பிளக். அநேகமாக, பெற்றோலைக் கூட்டி விடுகிற சோக்கைப் போட்டபடி கிக் அடித்து அடித்துப் பெற்றோல் நிரம்பியிருக்கும். துடைத்துக் காயவிட்டுப் பூட்டுங்கள், சோக்கை ஓஃப் பண்ணி, அக்சிலேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்து நாலைந்து கிக் அடியுங்கள், பிடித்ததும் கையைத் தளர்த்துங்கள். அப்போதும் இல்லையென்றால், சிந்திய பெற்றோலைத் துடைத்துவிட்டு, பிளக்கை அதன் றப்பர் மூடியில் மாட்டி, இரும்புப் பக்கத்தை எஞ்சினில் முட்டவைத்துக் கிக் அடிக்கச் சொல்லுங்கள். நீலப் பொறி விழ வேண்டும். றப்பரை மட்டும் பிடியுங்கள், பிளக் ஓட்டைக்குக் கிட்ட வேண்டாம், அதிலிருந்து பெற்றோல் ஆவி வரும். பொறி மங்கலென்றால் புதுப் பிளக். உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது பழையதன் நம்பரைச் சொல்லி வாங்குங்கள், நீளம் கூடினது பிஸ்டனில் முட்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான். பற்றரி: 12.6 வோல்ட் நிறைந்தது, 12க்குக் கீழே போனால் சார்ஜ் பண்ணுங்கள், முனையில் வெள்ளைத் தூள் இருந்தால் சுடுதண்ணீரால் கழுவுங்கள். காபரேற்றர் இல்லாத இஞ்செக்ஷன் பைக்கில் திறப்பைத் திருப்பியதும் டாங்கிக்குள் பம்ப் இரைய வேண்டும், இரையாவிட்டால் ஃபியூஸ் பாருங்கள். அப்புறம் முக்கியமானது, வெள்ளத்தில் மூழ்கிய பைக்கை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். எஞ்சினுக்குள்ளே தண்ணீர் இருந்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். நியூட்ரலில் போட்டு, தள்ளிக்கொண்டே கராஜுக்குக் கொண்டுபோங்கள். நன்றி, வணக்கம்.