மாலைக் காசு

நடுவருக்கு வணக்கம். இரண்டு அணிக்கும் வணக்கம். கொசுக்கடியிலும் எழுந்து போகாத திருவல்லிக்கேணி மக்களுக்குப் பெரிய வணக்கம்.

‘ஆளாக்கிய பெரியவர் மறைந்தால் இழப்பு யாருக்கு அதிகம், பெற்ற பிள்ளைக்கா, தொழில் பழகிய சீடனுக்கா?’ சீடனுக்குத்தான் என்று பேச வந்தேன். சரி, அது கிடக்கட்டும். எதிரணித் தலைவி ஒன்று சொன்னார், நீங்களும் கை தட்டினீர்கள்: “பிள்ளைக்குத் துக்கம் ஆயுசுக்கும். சீடனுக்கு, மாலை வாங்கின காசு மறக்கிற வரைக்கும்.”

அம்மா, நான் மாலையே வாங்கவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

இதே பேட்டையில் ஒரு சந்து அச்சகம். 1978. நான் ஈய எழுத்து கோக்கிற பையன். ஃபோர்மேனை எல்லோரும் நைனா என்போம். ஒரு எழுத்து மாறினால்கூட மன்னிப்பார், ஒற்று விட்டால் விடமாட்டார். அந்த வருஷம்தான் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. துதிக்கை வைத்த பழைய லை, னை எல்லாம் போனது. அந்தச் சமயத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை, 500 பிரதி. நைனா காய்ச்சலில் படுத்திருந்தார். நானே கோத்தேன், நானே புரூஃப் பார்த்தேன், அடித்தும் கொடுத்தேன்.

மறுநாள் பெண்ணின் அப்பா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பத்திரிகையை மேஜைமேல் அடித்தார். மாப்பிள்ளை பெயருக்கு மேலே ‘மணமகள்’. பெண் பெயருக்கு மேலே ‘மணமகன்’.

பின்வரிசையில் சிரிப்பு வரவில்லையே, இன்னொரு தரம் சொல்லவா? பட்டதாரி மாப்பிள்ளை, மீசையோடு, மணமகள்! சீர்திருத்தத்தின் தலையில் பழியைப் போடலாமா என்று பார்த்தேன். பாழாய்ப்போன ன்-னும் ள்-ளும் அதில் மாறவே இல்லை!

போர்வையோடு எழுந்து வந்த நைனா சொன்னார்: “புரூஃப் பார்த்தது நான்தான் சார். திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க.” அவர் அந்தக் காகிதத்தைப் பார்த்ததே அப்போதுதான். ராத்திரி முழுக்க டிரெடிலை மிதித்து 500-ஐயும் திரும்ப அடித்தோம். விடிந்ததும் தப்புப் பத்திரிகைக் கட்டை என் கையில் கொடுத்தார். “வச்சுக்கடா, உன் கல்யாணத்துக்கு ஆகும்.”

அதற்கப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல், அவர் பார்க்காமல் ஒரு காகிதம் நான் அடித்ததில்லை. ஈயம் போய் கம்ப்யூட்டர் வந்தது, எனக்கென்று தனிக்கடை வந்தது. அப்போதும் சாயங்காலம் புரூஃபோடு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவேன்.

போன வருஷம் நைனா போனார். மாலை வாங்கத்தான் கிளம்பினேன். பெரிய மகன் போன் செய்தார், பேங்கில் வேலை பார்த்தவர், அச்சக வாசலை மிதிக்காதவர். “அண்ணா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் நீங்கதான் அடிக்கணும்.” பத்து நிமிஷ வேலை. முடித்துவிட்டு எந்த நினைப்பில் நடந்தேனோ, ஐஸ் பெட்டி முன்னால் போய் நிற்கிறேன். கையில் மாலை இல்லை, புரூஃப் இருக்கிறது. “நைனா, பார்த்துடுங்க” என்று வாய்வரை வந்துவிட்டது.

கூட்டம் என்னையே பார்த்தது. அந்த மகன் எழுந்து வந்தார். என் கையிலிருந்து காகிதத்தை வாங்கினார். அப்பாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தார்.

“திருவல்லிக்கேணிப் பகுதிப் பொதுமக்கள்னு வரணும்ணா. ஒரு ‘ப்’ விட்டுப்போச்சு.”

நடுவர் அவர்களே, மார்க்கை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.