கைகாட்டிக்கு ஒரு பத்தடி இடம்

பெருமதிப்பிற்குரிய நகராட்சித் தலைவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய வர்த்தகர் சங்கத் தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட அண்ணாச்சி அவர்களே, ரயில்வேயில் கொடி பிடித்து ஓய்வுபெற்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, மைக் செட் தம்பியே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். போன கூட்டத்தில் விட்டுப்போனவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

பழைய ரயில்வே கேட் சிக்னல்களைப் படம் பிடித்து, அளந்து, நோட்டில் எழுதிவைப்பது என் பொழுதுபோக்கு. மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: அவை எப்படி வேலை செய்தன, எப்படி அளப்பது, அளந்ததை எப்படிப் பாதுகாப்பது.

செமஃபோர் என்று நம் ஊரில் யார் சொன்னார்கள்? கைகாட்டிதான். சிவப்புக் கை, நுனிப் பக்கம் ஒரு வெள்ளைப் பட்டை. நேராக நீட்டியிருந்தால் நில், கீழே சாய்ந்தால் வா. கேட்டைக் காக்கும் கைகாட்டியின் கம்பத்தில் மஞ்சள் வட்டத்துக்குள் கறுப்பில் 'ஜி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். கேட்டைச் சாத்திப் பூட்டினால்தான் லீவர் அசையும். லீவரை இழுத்தால் கம்பி இழுபட்டுக் கை சாயும். சாய்ந்திருக்கும்வரை கேட் திறக்காது. கம்பி அறுந்துபோனால்? எடைக்கட்டை கையைத் தூக்கி மறுபடி 'நில்' என்று நிறுத்திவிடும்.

ராத்திரிக்கு மண்ணெண்ணெய் விளக்கு, அதன் முன்னால் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி. ஒரு தடவை, கழற்றிப் போட்டிருந்த பச்சைக் கண்ணாடியை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நீலமாக இருக்கிறது! சுடர் மஞ்சள் அல்லவா? நீலத்தின் வழியே வரும்போதுதான் டிரைவர் கண்ணுக்குப் பச்சை. கையில் எடுத்துப் பார்க்காமல் இது தெரியுமா? அதனால்தான் சொல்கிறேன், ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. பழைய இரும்பு என்று ஏலத்தில் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அளந்துவிட்டுப் போடுங்கள்.

அளப்பது என்றதும் ஒரு கதை. பட்டுக்கோட்டைப் பக்கம் மீட்டர் கேஜ் ஓடிக்கொண்டிருந்த காலம். கேட் கீப்பரிடம் கேட்டுக்கொண்டு, தண்டவாளத்தை விட்டுத் தள்ளி நின்று, கம்பத்தின் அடியில் டேப்பை வைத்தேன். சைக்கிளில் போன ஒருவர் இறங்கினார்.

"என்ன சார், பாலம் வருதா?"

"இல்லைங்க, சும்மா அளக்கிறேன்."

சும்மா அளக்கிறேன் என்றால் யாராவது நம்புவார்களா? பத்து நிமிடத்தில் முப்பது பேர். ஒருவர் பட்டாவோடு வந்து, "என் தென்னந்தோப்புல எவ்வளவு போகும்?" என்கிறார். ஓர் அம்மா சொம்பு நிறைய மோர் கொடுத்து, "தம்பி, வீட்டை விட்டுட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கமா கோட்டைப் போடுங்க" என்று காதோடு சொல்கிறார். நான் ரயில்வே ஆள் இல்லை என்று சொல்லச் சொல்ல மரியாதை கூடிக்கொண்டே போகிறது. கடைசியில் கேட் கீப்பர்தான், "அவரு கைகாட்டிக்கு ஜாதகம் எழுதுறவருய்யா" என்றார். கூட்டம் கலைந்தது. அந்த அம்மா சொம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார், பாதி மோர் இருக்கும்போதே!

சரி, எங்கே விட்டேன்? அமெரிக்காவில், கலிபோர்னியாவில், 1909-ல் ஆல்பர்ட் ஹன்ட் என்ற பொறியாளர் ஒரு கிராசிங் சிக்னல் செய்தார். நடுவில் சிவப்பு விளக்கு வைத்த வட்டத் தகடு, காவல்காரர் ராந்தலை ஆட்டுவதுபோல இடவலமாக ஆடும். விக்வாக் என்று பெயர். அங்கே ரிச்மண்ட் ஊரில் அதை எடுக்க வந்தபோது ஊர்க்காரர்கள் விடவில்லை. வேலை செய்யாவிட்டாலும் இருந்த இடத்திலேயே காட்சிப்பொருளாக நிறுத்தவைத்தார்கள்.

நமக்குப் பெரம்பூரிலும் திருச்சியிலும் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நம் ஊர்க் கைகாட்டி எங்கே இருக்கிறது? குட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால், சீமைக்கருவேலத்துக்குள் மல்லாந்து கிடக்கிறது. கை இன்னும் கழலவில்லை, நேற்றுகூடப் பார்த்தேன். தலைவர் அவர்கள் ரயில்வேக்கு ஒரு கடிதம் எழுதி, நகராட்சிப் பூங்காவில் பத்துக்குப் பத்தடி இடம் ஒதுக்கினால் போதும். அஸ்திவாரச் செலவை அண்ணாச்சி ஏற்பார் என்று நினைக்கிறேன். அவர் சிரிக்கிறார், சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றேன். இதை நான் அளந்தாயிற்று, ஆற்றில் போட மட்டும் மனம் வரவில்லை.

மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை, தலைமையாசிரியை அம்மா மணியைப் பார்க்கிறார். வாசல் மேஜையில் மனு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ சாப்பிடப் போங்கள். பேனாவை மட்டும் அங்கேயே வைத்துவிடுங்கள், போன தடவை இரண்டு காணாமல் போய்விட்டன.